ரூம் சூட்டு சிமுலேஷனை நம்பலாமா? மேற்குச் சுவர்ல ஆரம்பிச்சு பிஎம்வி வரைக்கும் சரிபாக்கிற முறை

எனர்ஜிபிளஸ் மாதிரி கட்டடச் சூட்டைக் கணக்குப் போடற மென்பொருள் ஒண்ணுல ரூம் மாடல் போடத் தெரியும், ஆனா வர்ற நம்பரை நம்பலாமா வேணாமான்னு தெரியலன்னு நிக்கிறவங்களுக்காக எழுதறேன். உதாரணத்துக்கு சிங்கப்பூர்ல மேற்கு பாத்த வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டு பெட்ரூம் ஒண்ணை எடுத்துக்குவோம். ஃபேன் இருக்கு, ஏர்கான் போடல. பாலிடெக்னிக் லேப், ஆபீஸ், கிளாஸ்ரூம்னு எங்க பண்ணினாலும் வரிசை இதேதான்.

1. எதை முதல்ல ஒப்பிடணும்

புதுசா வர்றவங்க பத்துல எட்டுப் பேர் நேரா பிஎம்விக்குப் (ரூம்ல இருக்கிறவங்க சராசரியா எவ்வளவு சூடா, குளிரா உணர்வாங்கன்னு சொல்ற கணிப்பு எண்) போயிடுவாங்க. மாடல் 1.4ங்குது, அளந்தது 1.5, ஆகா பொருந்திடுச்சு, ரிப்போர்ட் எழுதிடலாம்னு. அதுல ஒண்ணுமே நிரூபணம் ஆகல.

ஏன்னா தப்புங்க ஒண்ணை ஒண்ணு அடிச்சு ஒளிஞ்சுக்கும். நிஜத்துல காற்று 30 டிகிரி, சராசரி கதிர்வீச்சு வெப்பநிலை 32ன்னு வைங்க (சுத்தி இருக்கிற சுவர், கூரை, ஜன்னலெல்லாம் ஆள் மேல வீசற சூட்டோட சராசரி, இனிமே எம்ஆர்டின்னு சொல்றேன், ரயிலை நினைக்காதீங்க). மாடல் காற்று 32, எம்ஆர்டி 30ன்னு தலைகீழா சொல்லுது. காற்று மெதுவா இருக்கிற ரூம்ல ஆப்பரேட்டிவ் வெப்பநிலைங்கிறது ரெண்டுக்கும் சராசரி, அதனால ரெண்டுமே 31தான், பிஎம்வியும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துடும். ஆனா அந்த மாடலை நம்பி முடிவெடுத்தா ஜன்னலைத் திறந்து காத்தோட்டம் கொடுன்னு சொல்லும், நிஜ வீட்டுக்கு வேண்டியது மேற்குச் சுவருக்கு நிழல்.

அதனால வரிசை இப்படி: வெளி வானிலை, வெளிச்சுவர் மேல விழற வெயில், உள்பக்க சுவர் வெப்பநிலை, காற்று, எம்ஆர்டி, எல்லாத்துக்கும் கடைசியா பிஎம்வி. முந்தினது பொருந்தாம அடுத்ததுக்குப் போகாதீங்க.

2. முன்கூட்டியே தயாரா இருக்க வேண்டியவை

- சுவர், ஜன்னல், கூரைல ஒட்ட எட்டு பத்து வெப்பநிலை சென்சார் (தெர்மோகப்பிள் இல்ல தெர்மிஸ்டர்), அளவைப் பதிஞ்சு வைக்கிற லாகரோட. சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல பாகமா வாங்கிச் சேர்த்தாலும் போதும், விலை பெரிசில்ல.
- கறுப்பு குளோப், அதாவது உள்ள வெப்பநிலை சென்சார் வச்ச வெத்துக் கறுப்பு உருண்டை. 150 மில்லிமீட்டர்தான் வழக்கமான அளவு. 40 மில்லிமீட்டர் பிங்பாங் பந்துக்கு மேட் கறுப்பு பெயின்ட் அடிச்சு நடுவுல சென்சார் வச்சாலும் வேலை செய்யும், அதோட வம்பு ஒன்பதாவது படில வருது.
- சூடான கம்பி அல்லது சூடான உருண்டை வகை அனிமோமீட்டர் (காத்து வேகம் அளக்கிறது). கைல சுத்தற காத்தாடி வகை வேணாம், ரூமுக்குள்ள இருக்கிற மெல்லிசு காத்துல அது அசையவே அசையாது, ஆனா காத்து இல்லாம இல்ல.
- மொட்டை மாடில இல்ல பக்கத்துல தடை இல்லாத இடத்துல ஒரு பைரனோமீட்டர் (வெயிலை அளக்கிற கருவி). மாடிக்குப் போக டவுன் கவுன்சில் அனுமதி வேணும், அதுக்கு நாளாகும், முதல்லயே கேட்டு வைங்க.
- சுவர் எத்தனை மில்லிமீட்டர், உள்ள என்ன, கண்ணாடி எந்த வகை. ஊகிக்காதீங்க, தடிமனை ஜன்னல் ஓரத்துல டேப் வச்சே அளந்துடலாம்.

ரூம் ஆளில்லாம ஜன்னல் சாத்தி ஒரு வாரம், அப்புறம் சாதாரணமா ஆள் இருந்து ஒரு வாரம், இந்த ரெண்டும் கண்டிப்பா வேணும். முதல் வாரத்துல ஆள் சூடும் இல்ல, காத்து போக்குவரத்தும் குறைவு, அதனால சுவரும் வெயிலும் மட்டும் தனியா தெரியும்.

3. மாடலுக்கு முன்னாடி மென்பொருளுக்கு ஒரு டெஸ்ட்

மென்பொருள் அடிப்படையே தப்புன்னா நீங்க எத்தனை சென்சார் ஒட்டினாலும் வீண். எனர்ஜிபிளஸ் மாதிரி பெரிய மென்பொருளுங்களை ஆஷ்ரே 140ங்கிற அமெரிக்கத் தரநிலையோட சோதனைக் கேஸ்கள்ல ஏற்கெனவே ஓட்டிப் பாத்திருப்பாங்க. அதுல கேஸ் 600 ரொம்ப அடிப்படை: 8க்கு 6 மீட்டர், 2.7 உயரம், 12 சதுர மீட்டர் ஜன்னல். உங்க கம்ப்யூட்டர்ல ஒருதரம் ஓட்டி வெளியிட்ட ரேஞ்சுக்குள்ள வருதான்னு பாருங்க. நீங்களே எழுதின பைதான் கோடு, இல்ல கிராஸ்ஹாப்பர்ங்கிற டிசைன் மென்பொருள்ல அங்க இங்க ஒட்டினது எதாச்சும் இருந்தா இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

எம்ஆர்டி பகுதிக்கு இன்னும் சின்ன டெஸ்ட் ஒண்ணு. ஆறு பக்கமும் 30 டிகிரி வைங்க, ரூம்ல எந்த மூலைல நின்னாலும் எம்ஆர்டி 30 வரணும். அப்புறம் ஒரு சுவரை மட்டும் 40 ஆக்குங்க, அதுக்குப் பக்கத்துல போகப்போக எம்ஆர்டி ஏறணும். ஏறலன்னா அது இடத்துக்குத் தக்க கணக்கே பண்ணல, ரூம் சராசரியைத்தான் கொடுக்குது. அஞ்சு நிமிஷ வேலை, பல பேருக்கு இதுலயே கண்ணு திறந்துடும்.

4. சென்சாரெல்லாம் ஒரு ராத்திரி ஒரே பெட்டில

எல்லா சென்சாரையும் கட்டி தெர்மோகோல் பெட்டில போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. காலைல ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு வித்தியாசம்னு குறிச்சு, கடைசியா கணக்குல கழிச்சுக்கலாம். வேலை முடிஞ்சதும் திரும்பவும் ஒருதரம், ஏன்னா நடுவுல நகர்ந்திருக்கலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா குளோப் கணக்குல நமக்கு வேண்டியது குளோபுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம், அது பெரும்பாலும் ஒரு டிகிரிதான் இருக்கும். ரெண்டு சென்சாரும் எதிரெதிரா 0.3 தப்புன்னா அந்த ஒரு டிகிரில பாதிக்கு மேல போச்சு.

5. ஒட்டுறதும் தொங்க விடுறதும்

சுவர்ல ஒட்டும்போது சென்சார் முனையோட நிக்காம ஒயரையும் ஒரு பத்து சென்டிமீட்டர் சுவரோட ஒட்டிக்கிட்டே கொண்டுபோங்க, இல்லேன்னா ஒயர் வழியா காத்துச் சூடு முனைக்கு வந்து கலந்துடும். பளபளக்கிற அலுமினிய டேப் வேண்டாம். அது கதிர்வீச்சை வாங்கவும் மாட்டேங்கும் விடவும் மாட்டேங்கும், சுவர் ஒண்ணு டேப் ஒண்ணுன்னு ஆயிடும். சாதா மாஸ்கிங் டேப் போதும்.

காற்று சென்சாருக்கு நேர்மாறு, அங்க பளபளப்பு வேணும். சூடான சுவரைப் பாத்துக்கிட்டு சும்மா தொங்கினா அதுவும் ஒரு குட்டி குளோப்தான், காற்றை அளக்காது. ஃபாயில் குழாய்க்குள்ள வச்சு முடிஞ்சா கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு காத்தை இழுக்கிற மாதிரி பண்ணுங்க.

உயரம்: உக்காந்த ஆளுக்கு 0.1, 0.6, 1.1 மீட்டர், நிக்கிற ஆளுக்கு 0.1, 1.1, 1.7. நடு உயரத்துல குளோப்.

இன்ஃப்ராரெட் கேமரா இருந்தா நல்லது, ஆனா கண்ணாடியையும் உலோகத்தையும் அதுல பாத்து நம்பர் எழுதாதீங்க. உலோகத்துல தெரியறது எதிர்ல இருக்கிற சுவரோட பிரதிபலிப்பு, சிலசமயம் நீங்களே. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அந்தத் துண்டைப் பாருங்க.

6. வெதர் ஃபைல்: பாதி தப்பு இங்கதான்

சிங்கப்பூருக்குன்னு டவுன்லோட் பண்ற சாங்கி ஃபைல் ஒரு சராசரி வருஷத்துக்காகச் செஞ்சது. போன செவ்வாய்க்கிழமை நீங்க அளந்த நாளுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. டிசைனுக்கு அது சரி, சரிபாக்க அளந்த அதே நாட்களோட வானிலை வேணும். காற்று வெப்பநிலை, ஈரப்பதம், காத்து வேகம் எல்லாம் டேட்டா டாட் கவ் டாட் எஸ்ஜில பக்கத்து ஸ்டேஷன் பாத்து எடுத்துக்கலாம், வெயில் மட்டும் உங்க பைரனோமீட்டர்தான். ஜூரோங்ல இடி மழை கொட்டும்போது தெம்பனிஸ்ல வெயில் அடிக்கிற ஊர் இது, தூரத்து ஸ்டேஷன் வெயிலை வச்சு மேற்குச் சுவரைக் கணக்குப் போட முடியாது.

இங்க மாட்டுற இடங்க:

நேரம். நம்ம கடிகாரம் உலக நேரத்துக்கு 8 மணி முன்னாடி ஓடுது, ஆனா நாம இருக்கிறது சுமார் 103.8 டிகிரி கிழக்குல, சூரியக் கணக்குப்படி 7 மணிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கணும். அதனால இங்க சூரியன் உச்சிக்கு வர்றது 12 மணிக்கு இல்ல, பகல் ஒரு மணிக்கு முன்ன பின்ன. மேகமில்லாத ஒரு நாளை எடுத்துப் பாருங்க, அளந்ததும் மாடலும் ஒரு மணி வாக்குல உச்சி தொடணும். மாடல் 12க்கே தொட்டா டைம்ஸோன் தப்பு, மேற்குச் சுவர் ஒரு மணி நேரம் சீக்கிரமாவே சூடாகி நிக்கும், அப்புறம் கான்கிரீட் தடிமனை மாத்தி மாத்தி உக்காந்திருப்பீங்க. இன்னொண்ணு, இபிடபிள்யூ ஃபைல்ல (எனர்ஜிபிளஸ் படிக்கிற வெதர் ஃபைல்) ஒரு வரி வெயில்னா அந்த மணி முடியறதுக்கு முன்னாடி இருந்த 60 நிமிஷத்தோட கணக்கு. உங்க லாகர் ஆரம்ப நேரத்தைப் போடற வகைன்னா அங்க ஒரு மணி இடறும்.

வானத்துக் கதிர்வீச்சு. வெதர் ஃபைல்ல காற்று, ஈரம் நெடுவரிசையையெல்லாம் மாத்திட்டு வானத்துலேர்ந்து வர்ற இன்ஃப்ராரெட் நெடுவரிசையைப் பழைய ஃபைல்ல இருந்தபடியே விட்டுடறாங்க. மேல்மாடி வீடுன்னா ராத்திரி கூரை எவ்வளவு ஆறும்னு முடிவு பண்றதே அதுதான். நம்ம ஊர் வானம் ஈரமும் மேகமும், அதனால அது சதுர மீட்டருக்கு 400 வாட்டை ஒட்டி இல்ல மேல இருக்கும். 330, 340னு வந்தா அது வறண்ட ஊர் வானம்.

நேர் வெயில், பரவல் வெயில் பிரிக்கிறது. பைரனோமீட்டர் மொத்தத்தைத்தான் சொல்லும், எர்ப்ஸ் மாதிரி ஒரு ஃபார்முலா வச்சுப் பிரிக்கணும். மேகம் வந்து வந்து போற மத்தியானத்துல ஒரு மணி சராசரி ஏமாத்தும், அஞ்சு நிமிஷ டேட்டா எடுங்க. அப்புறம் எதிர் புளோக்கை மாடல்ல போட மறக்காதீங்க. அது நிழலும் தரும், வெளிர் பெயின்ட்லேர்ந்து வெயிலைத் திருப்பியும் அடிக்கும், வானத்துல பாதியை மறைக்கவும் செய்யும்.

அளக்க எந்த மாசம்னு கேட்டா, மேற்குச் சுவருக்கு எப்பவும் சரி. வடக்கு பாத்த ரூம்னா ஜூனை ஒட்டி, தெற்குன்னா டிசம்பரை ஒட்டி. மார்ச், செப்டம்பர் 20 தேதி வாக்குல மத்தியான சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல, கூரையைப் பாக்க நல்ல சமயம்.

7. முதல் ரன்னை அப்படியே எடுத்து வைங்க

எந்த நம்பரையும் திருத்தாம ஒரு ரன். ரிசல்ட்டை தேதி போட்டு சேவ் பண்ணிடுங்க. பின்னாடி என்ன மாத்தினோம், எவ்வளவு முன்னேறிச்சுன்னு சொல்ல இதுதான் ஆதாரம்.

அளக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே ரன்னையும் ஆரம்பிக்காதீங்க. கான்கிரீட் முந்தின நாளுங்க வெயிலை வச்சிருக்கும், குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடியே நிஜ வானிலையோட ஓட்டிட்டு அந்த வாரத்தை ஒப்பீட்டுல சேர்க்காதீங்க.

8. சுவரும் காற்றும்

உள்பக்க மேற்குச் சுவர்ல ரெண்டு விஷயம் பாக்கணும், எவ்வளவு ஏறுது, எத்தனை மணிக்கு உச்சி. கான்கிரீட் சூட்டை உள்ள கொண்டுவர சில மணி நேரம் எடுத்துக்கும், வெயில் போய் சாப்பிட்டு முடிச்ச நேரத்துலதான் உள்சுவர் உச்சில இருக்கும். உயரம் தப்பா நேரம் சரியா இருந்தா வெளிப் பெயின்ட் நிறத்தையும் வெளிக்காத்தையும் சந்தேகப்படுங்க. நேரம் தப்புன்னா தடிமன், அடர்த்தி. ரெண்டும் தப்புன்னா ஆறாவது படிக்குத் திரும்பிப் போங்க.

தரையும் பக்கத்துச் சுவரும் பொருந்தலையா? பெரும்பாலும் அக்கம்பக்கம்தான் காரணம். மாடல்ல அந்தச் சுவர்ல சூடே போகாதுன்னு வச்சிருப்பீங்க, நிஜத்துல கீழ்வீட்டு அங்கிள் ராத்திரி பத்து மணிக்கு ஏர்கானை 23ல போட்டுட்டுப் படுக்கிறார், உங்க தரை ஜில்லுன்னு ஆயிடுது. அங்க ஊகம் வேணாம், அளந்த தரை வெப்பநிலையையே எல்லையா கொடுத்துடுங்க.

காற்று மட்டும் மாடல்ல ரொம்ப ஏறி இறங்கினா மெத்தை, அலமாரி, புத்தகமெல்லாம் போடாம வெறும் ரூமா விட்டிருப்பீங்க. காத்து மாற்றத்தை கார்பன் டைஆக்சைடு மீட்டர் வச்சுக் கண்டுபிடிக்கலாம்: நாலு பேர் உக்காந்து பேசி அளவை ஏத்திட்டு வெளிய வந்துடுங்க, அது இறங்கற வேகமே கணக்கு.

9. குளோப்பிலேர்ந்து எம்ஆர்டி

குளோப் காட்டற நம்பர் எம்ஆர்டி கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, ஆனாலும் ஒவ்வொரு பேட்சுலயும் யாராவது நேரா ஒப்பிட்டுட்டு வந்து நிப்பாங்க. குளோப் கதிர்வீச்சையும் வாங்கும், சுத்தி ஓடற காத்துலயும் ஆறும், அந்தக் காத்துப் பங்கை எடுத்துட்டாத்தான் எம்ஆர்டி. அளவைக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 7726 தரநிலைல இருக்கிற கணக்கு, ஃபேன் ஓடற ரூமுக்கு:

எம்ஆர்டி = [ (குளோப் + 273)^4 + 1.1 × 10^8 × வேகம்^0.6 ÷ (0.95 × விட்டம்^0.4) × (குளோப் − காற்று) ]^0.25 − 273

வேகம் விநாடிக்கு மீட்டர்ல, விட்டம் மீட்டர்ல, 0.95ங்கிறது கறுப்பு குளோப் கதிர்வீச்சை வாங்கி விடற திறன். 0.15ன்னு போடறதுக்கு 150ன்னு போட்டா எல்லாம் போச்சு.

குளோப் 31, காற்று 30ன்னு வைங்க. 150 மில்லிமீட்டர் குளோப், காத்து 0.1ன்னா எம்ஆர்டி சுமார் 31.6. அதே குளோப், அதே 31, ஃபேன் காத்து 0.8ன்னா 32.9. பிங்பாங் பந்துல 0.8ன்னா 34.2. மூணுலயும் காட்டின நம்பர் 31தான். இதுலேர்ந்து ரெண்டு விஷயம் வருது: ஃபேன் ஓடும்போது காத்து வேகத்தை குளோப்புக்குப் பக்கத்துலயே அளக்கணும், சின்னப் பந்துல சென்சார் தப்பு மூணு நாலு மடங்கா பெருகும். பந்து சீக்கிரம் நிலைக்கு வரும், பெரிய குளோப் இருபது நிமிஷத்துக்கு மேல இழுக்கும், அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பந்து. முடிஞ்சா கதிர்வீச்சைச் சரிபாக்கிற நாள்ல ஃபேனை நிறுத்திடுங்க. அப்ப காத்து ரொம்ப மெல்லிசாயிடும், அந்த நிலைமைக்கு அதே ஐஎஸ்ஓல இயல்பான காத்தோட்டத்துக்குன்னு தனி வாய்ப்பாடு இருக்கு, ரெண்டையும் போட்டுப் பாத்து காத்துப் பங்கு எதுல பெரிசா வருதோ அதை எடுங்க.

காற்றும் எம்ஆர்டியும் விலகிப்போற இடத்துல இது இன்னும் கடுமை. 2018ல டோவர் யுனைட்டெட் வேர்ல்ட் காலேஜ் வளாகத்துல கோல்ட் டியூப்னு ஒரு கூடாரம் போட்டாங்க, ஜவ்வு மாதிரி தாளுக்குப் பின்னாடி ஜில்லுன்னு பேனல், உள்ள காற்று சுமார் 30, எம்ஆர்டி சுமார் 24. அந்த மாதிரி எடத்துல குளோப் ரெண்டுக்கும் நடுவுல எதையோ காட்டும், அப்படியே எடுத்தா பேனல் செஞ்ச வேலைல பெரும்பகுதி காணாம போயிடும்.

இரண்டாவது வழிலயும் பாருங்க: அளந்த சுவர் வெப்பநிலைகளை வியூ ஃபேக்டர் (அந்த இடத்துலேர்ந்து பாத்தா ஒவ்வொரு சுவரும் பார்வைல எவ்வளவு பங்கு) போட்டுக் கூட்டுங்க. குளோப்பும் இதுவும் ஒத்துப்போகலன்னா மாடலைத் தொடாதீங்க, தகராறு உங்க அளவைக்குள்ளயே இருக்கு.

மாடல் பக்கத்துலயும் ஒரு கண்ணி இருக்கு. எனர்ஜிபிளஸ் தானா கொடுக்கிறது ரூம் மொத்தத்துக்கான சராசரி எம்ஆர்டி. ஜன்னல் கண்ணாடி 40, மத்ததெல்லாம் 30. ரூம் பரப்புல கண்ணாடி 6 சதவீதம்னா சராசரி சொல்றது 30.6. ஜன்னல் ஓர நாற்காலில உக்காந்தவர் பார்வைல கண்ணாடி கால்வாசின்னா அவருக்கு 32.5. குளோப்பை நாற்காலில வச்சுட்டு ரூம் சராசரியோட ஒப்பிட்டா ரெண்டுமே சரியா இருந்தும் பொருந்தாது. ஆங்கிள் ஃபேக்டர் (வியூ ஃபேக்டர்தான்) கொடுத்து அந்த இடத்துக்கே கணக்கு எடுங்க.

10. மேல நேரா வெயில் விழற மணிகள்

சாயங்காலம் வெயில் தாழ்ந்து கட்டில் வரைக்கும் வந்துடும். அந்த நேரம் கறுப்பு குளோப் ஒரேயடியா எகிறும், ஏன்னா அது கிட்டத்தட்ட எல்லா வெயிலையும் விழுங்குது, துணி போட்ட மனுஷன் அவ்வளவு விழுங்க மாட்டார். மாடலோட எம்ஆர்டில ஆள் மேல விழற வெயில் சேரவே சேராது. அதனால அந்த மணிகளை முதல்ல தனியா எடுத்து வச்சுட்டு மத்த நேரத்தை மட்டும் ஒப்பிடுங்க. அப்புறமா ஆஷ்ரே 55ல (ரூம் சௌகரியத்துக்கான தரநிலை) இருக்கிற வெயில் திருத்தத்தை எம்ஆர்டில கூட்டி அதைத் தனி வரியா காட்டுங்க.

11. பொருந்திச்சுன்னு எப்ப சொல்லலாம்

ஆஷ்ரே கைட்லைன் 14ல மணிக்கணக்கு டேட்டாவுக்கு சிவி ஆர்எம்எஸ்இ (தப்பு சராசரில எத்தனை சதவீதம்ங்கிற அளவு) 30 சதவீதம்னு இருக்கேன்னு அதை வெப்பநிலைக்குப் போடறாங்க. அது கரன்ட் பில் மாதிரி எனர்ஜி கணக்குக்கு. சராசரி 30 டிகிரி ரூம்ல 30 சதவீதம்னா 9 டிகிரி தப்பலாம்னு அர்த்தம், யார் மாடலும் பாஸ்தான். டிகிரிலயே சொல்லுங்க: சராசரி விலகல் எவ்வளவு, ஆர்எம்எஸ்இ (தப்புகளோட வர்க்கத்தைச் சராசரி எடுத்து வர்க்கமூலம் போட்டது) எவ்வளவு, உச்சி எத்தனை நிமிஷம் தள்ளி.

இன்னொரு சோதனையை யாரும் பண்றதில்ல. நேத்து இதே மணிக்கு என்ன இருந்துச்சோ அதையே இன்னைக்கு கணிப்பா போட்டு அதோட ஆர்எம்எஸ்இயை எடுங்க. நம்ம ஊர்ல நாளுக்கு நாள் மாற்றம் ரொம்பக் கம்மி, மூளையே இல்லாத இந்தக் கணிப்புக்கும் நல்ல மார்க் வரும். உங்க மாடல் இதைத் தாண்டலன்னா இவ்வளவு பாடுபட்டு மாடல் எதுக்கு?

அளவைக் கருவியோட எல்லையையும் மனசுல வைங்க. ஐஎஸ்ஓ 7726ல காற்றுக்கு குறைஞ்சபட்சமா கேக்கிறது 0.5 டிகிரிக்குள்ள, எம்ஆர்டிக்கு 2 டிகிரிக்குள்ள. அப்படி ஒரு செட்டப்பை வச்சுக்கிட்டு எம்ஆர்டி 0.3க்குள்ள பொருந்துதுன்னு எழுதினா விஷயம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க.

12. திருத்தறது

ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும். அதுவும் நிஜமா தெரியாத விஷயம்: வெளிப் பெயின்ட் எவ்வளவு வெயில் உறிஞ்சுது, காத்து மாற்றம், ஃபேன் ஓடும்போது சுவருக்கும் காத்துக்கும் நடுவுல சூடு கைமாறற வேகம். அளந்து தெரிஞ்ச தடிமனைப் போய் பொருந்தறதுக்காக மாத்தாதீங்க. உறிஞ்சுற அளவை 0.95னு வச்சாத்தான் வெள்ளைச் சுவர் பொருந்துதுன்னா வேற எங்கயோ ஓட்டை.

ஆளில்லாத வாரத்துல திருத்தி முடிச்சு, எல்லாத்தையும் பூட்டிட்டு, ஆள் இருந்த வாரத்துல ஓட்டுங்க. அங்க வர்ற விலகலைத்தான் ரிப்போர்ட்ல போடணும். திருத்தின வாரத்தையே காட்டறது கேள்வித்தாளைப் பாத்துட்டு எழுதின பரீட்சை.

13. கடைசியா பிஎம்வி

எம்ஆர்டி, காற்று, ஈரம், வேகம் நாலும் தனித்தனியா பொருந்தினதுக்கு அப்புறம் மிச்சம் உடையும் உடல் உழைப்பும்தான், அது ரெண்டும் மாடலோட திறமை இல்ல, நீங்க போடற நம்பர். அளந்த பக்கமும் மாடல் பக்கமும் ஒரே நம்பர் போடுங்க. வீட்டுல டி-ஷர்ட் அரைக்கால் சட்டைன்னா 0.5 குளோ (உடைக்கான அலகு) போடறது அதிகம், 0.36 வாக்குல வைங்க. உக்காந்த ஆளுக்கு 1.0 மெட் (உடல் உழைப்புக்கான அலகு).

ஃபேன் காத்து 0.1ஐத் தாண்டினா வெறும் பிஎம்வி போடாம ஆஷ்ரே 55ல எஸ்இடி (ஸ்டாண்டர்ட் எஃபெக்டிவ் டெம்பரேச்சர்) கணக்கு வழியா வர்ற திருத்தத்தை எடுங்க, பெர்க்லி பல்கலைக்கழகத்து சிபிஇ ஆய்வு மையத்தோட இலவச ஆன்லைன் டூல்லயே அது இருக்கு. ஆளுங்க கிட்ட ஓட்டு வாங்கி பிஎம்வியோட ஒப்பிடணும்னா அது வேற வேலை. அங்க சோதிக்கிறது மனுஷங்களைப் பத்தின சமன்பாட்டை, உங்க சுவரை இல்ல. ரிப்போர்ட்ல அதுக்குத் தனி அத்தியாயம் கொடுங்க, இந்த நம்பர்களோட ஒரே டேபிள்ல போடாதீங்க.